நடந்து வரும் எரு

சித்திரை கடைசி வாரம். கத்திரி தொடங்கிவிட்டது. ஒரத்தூர்ப் பக்கம், உளுந்து பிடுங்கிய ஒரு வயலில் விடியற்காலை நான்கு மணிக்கே அடுப்பு எரிகிறது. மூன்று கல்லை வைத்து, வரப்பில் பொறுக்கிய கருவேலஞ் சுள்ளியில் ஒரு பெண் உலை வைத்திருக்கிறார். பத்தடி தள்ளி, நைலான் வலைக்குள் அறுநூறு ஆடுகள் படுத்து அசைபோடுகின்றன. வலைக்கு வெளியே கயிற்றுக் கட்டிலில் இரண்டு ஆண்கள், கட்டிலுக்கு அடியில் இரண்டு நாய்கள். சாமான்களை மூடிய தார்ப்பாய்தான் கூடாரம்.

இது ஒரு வளசை. மூன்று குடும்பம் சேர்ந்து நடத்துகிறது. தலைமை ஏற்றிருப்பவரைக் கீதாரி என்பார்கள். சொந்த ஊர் சிவகங்கைச் சீமை. அங்கே தை பிறந்தால் கண்மாய் வற்றத் தொடங்கும், மேய்ச்சல் சுருங்கும். இங்கே தை பிறந்தால் சம்பா அறுவடை, வயல் திறக்கும். அதனால் ஆண்டுதோறும் தையில் புறப்பட்டு, காவிரியின் கடைமடை வரைக்கும் மேய்த்துக்கொண்டே வந்து, ஆடியில் தண்ணீரும் விதைப்பும் வருமுன் திரும்பிவிடுகிறார்கள். ஆடுகள் பெரும்பாலும் இராமநாதபுரம் வெள்ளை இனம். காலும் கழுத்தும் நீளம், நடைக்குச் சளைக்காது.

ஐந்து மணிக்குக் குடாப்பைத் தூக்குகிறார்கள். குடாப்பு என்பது மூங்கிலில் பின்னிய பெரிய கவிழ்கூடை. பிறந்து சில வாரமான குட்டிகள் பகலும் இரவும் அதற்குள்தான். திறந்ததும் எழுபது எண்பது குட்டிகள் கத்திக்கொண்டு ஓடுகின்றன. வலைக்குள் இருந்து தாயாடுகள் பதில் கொடுக்கின்றன. அத்தனை இரைச்சலிலும் ஒவ்வொரு குட்டியும் தன் தாயைத்தான் தேடிப் பிடிக்கிறது. தாய் மோந்து பார்த்த பிறகே மடியைக் கொடுக்கிறது. சேராமல் நிற்கும் குட்டியைக் கீதாரியின் மனைவி தூக்கிக்கொண்டு போய், தாயின் காலைப் பிடித்து ஊட்டவிடுகிறார். எந்தக் குட்டி எந்தத் தாய்க்கு என்பது அவருக்கு மனப்பாடம். ஏட்டில் எழுதி வைத்ததில்லை.

அன்றைக்கு இடம் மாற வேண்டிய நாள். கீரப்பாளையத்துக்கு அருகில் ஒருவர் மூன்று ராத்திரிக்குக் கிடை கேட்டிருந்தார். முன்பணம் வாங்கவில்லை, பேச்சுதான். ஆறரை மணிக்குக் குட்டியானை வண்டி வந்தது. முன்பு கழுதையிலும் தலைச்சுமையிலும் போன சாமான்கள் இன்று அந்தச் சின்ன லாரியில் போகின்றன. பாத்திரம், அரிசி மூட்டை, வலை, தார்ப்பாய், மடக்கிய குடாப்பு, அதற்கு மேல் குட்டிகள். இரண்டு பெண்கள் வண்டியில் ஏறிக்கொண்டார்கள். ஆண்கள் ஆட்டோடு நடந்தார்கள். சாயங்காலம் ஒரே வயலில் சந்திப்பது ஏற்பாடு. குட்டி முன்னால் போய்விட்டது, மடி பின்னால் வருகிறது என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆடு ஓட்டுவது என்றால் சாலையில் நேராக ஓட்டிக்கொண்டு போவதல்ல. மேய்ந்துகொண்டே போக வேண்டும். முன்னால் ஒருவர் நடந்து மந்தையின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறார். பின்னால் ஒருவர் நொண்டியையும் சினையாட்டையும் பார்த்து வருகிறார். பக்கவாட்டில் ஒரு இளைஞர், தோளில் துரட்டி. வேலமரம் கண்டால் இரண்டு கொப்பு இழுத்துப் போடுவார். முற்றிய காய்க்கு ஆடுகள் பாய்ந்து வரும். பயறு பிடுங்கிய வயலில் உதிர்ந்த இலையும் நெற்றும் கிடக்கின்றன. நெல் தாளடியில் ஈரம் இருந்த இடத்தில் மறுதழைவு கொஞ்சம் இருக்கிறது. முன்பெல்லாம் வைக்கோலும் சிந்திக் கிடக்கும். இப்போது இயந்திர அறுவடை முடிந்த மறுநாளே கட்டு கட்டும் இயந்திரம் வந்து உருட்டிக்கொண்டு போய்விடுகிறது. விவசாயிக்கு அது காசு, அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆட்டுக்கு ஒரு வேளைத் தீனி அங்கே குறைந்துபோனது.

தையில் வந்தவுடன் இவர்களுக்கு இங்கே இடம் தாராளமாகக் கிடைப்பதில்லை. சம்பா அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பே, மெழுகுப் பதத்தில் உளுந்தும் பச்சைப்பயறும் தெளித்துவிடுவது இந்த வட்டாரத்து வழக்கம். அறுத்த வயலில் பயறு முளைத்து நிற்கும்போது ஆட்டுக்கு அங்கே என்ன வேலை? அதனால் தை, மாசியில் தரிசிலும் வாய்க்கால் கரையிலும் ஒதுங்கி, பங்குனிக்கு மேல் பயறு பிடுங்கப் பிடுங்க உள்ளே வருகிறார்கள். கிடை போடக் கிடைக்கும் காலம் இரண்டு, இரண்டரை மாதம்தான். அந்த நாட்களில் வாங்கும் கிடைக்கூலிதான் அரிசிக்கும் மருந்துக்கும் வண்டி வாடகைக்கும்.

பத்து மணிக்கு மேல் வெயில் ஏறியது. ஆடுகள் தலையைக் கவிழ்த்து, ஒன்றின் வயிற்று நிழலில் ஒன்று தலையை நுழைத்துக்கொண்டு நின்றுவிட்டன. இனி மேயாது, தண்ணீர் வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் இல்லை. வீராணம் ஏரிப் பாசனம் இந்த மாதத்தில் கிடையாது. வழியிலிருந்த குட்டையில் சேறுதான். முதலில் கண்ட பம்பு செட்டில் கேட்டார்கள். அவர் கரும்புக்கு நீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்.

“ஆடு கரும்புல பூந்துடும்யா. வேற எடம் பாருங்க” என்றார். அவர் பயமும் நியாயம்தான்.

அடுத்த கொட்டகையில் ஒரு வயதான அம்மா தனியாக இருந்தார். கீதாரி தள்ளி நின்றே கேட்டார்.

“ஆத்தா, ஆடு காலையிலேருந்து தண்ணி பாக்கல. ஒரு பத்து நிமிசம் மோட்டார் போட்டீகன்னா புண்ணியமாப் போகும்.”

“கரண்டு இருக்குதா பாரு. இருந்தா போட்டுக்க. தொட்டிய ஒடைச்சிடாத” என்றார் அந்த அம்மா.

மும்முனை மின்சாரம் இருந்தது. ஐம்பது ஐம்பதாகப் பிரித்துத் தொட்டிக்கு விட்டார்கள். பத்து நிமிடம் என்றது ஒரு மணி நேரம் ஆயிற்று. கிளம்பும்போது கீதாரி அந்தக் கொட்டகைத் தோட்டத்தில் கிடந்த புழுக்கையை எல்லாம் பெருக்கி, கத்தரிச் செடி ஓரத்தில் குவித்துவிட்டுத்தான் நடந்தார்.

ஒரு மணிக்குப் புளியமர நிழலில் ஆட்டைச் சாய்த்து, தூக்குவாளிக் கஞ்சியைக் குடிக்கும்போது கைப்பேசி ஒலித்தது. கிடை கேட்டிருந்தவர். தன் வயலுக்கு ஒட்டினாற்போல் பங்காளி பருத்தி போட்டிருக்கிறார். போன கோடையில் வேறொரு மந்தை அந்தப் பருத்தியில் இறங்கி, பஞ்சாயத்து வரைக்கும் போனது. இந்த முறை வேண்டாம் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. “மன்னிச்சுக்கய்யா” என்று இரண்டு முறை சொன்னார்.

குட்டிகள் ஏற்கெனவே அந்த வயலில் இறங்கிவிட்டன. வண்டியும் வாடகை வாங்கிக்கொண்டு போய்விட்டது. அறுநூறு ஆடுகளுக்கு இன்று ராத்திரி இடமில்லை. பொறம்போக்கில் போடலாமே என்று தோன்றும். ஊரில் யாருக்கும் சொல்லாமல் இருட்டில் போட்டால் திருட்டுப் பயம், நாய்ப் பயம், கேள்வி வேறு. சாலையோரம் போட்டால் வண்டிப் பயம். விக்கிரவாண்டியிலிருந்து தஞ்சாவூர் போகும் நெடுஞ்சாலையைச் சேத்தியாத்தோப்பு அருகே தாண்டியபோது, இரண்டு நாளைக்கு முன்புதான், ஒரு லாரியில் இரண்டு ஆடுகளைக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள். நான்குவழிக்காக உயர்த்திய சாலையில் ஆட்டுக்கென்று இறங்கும் வழி இல்லை. செத்த இரண்டில் ஒன்று சினை.

கீதாரி யாரையும் ஏசவில்லை. தெரிந்த எண்கள் ஏழெட்டுக்குப் பேசினார். ஒருவர் உழுதுவிட்டதாகச் சொன்னார், ஒருவர் ஊரில் இல்லை. மூன்று மணிக்கு மந்தையைக் கிளப்பிக் கீரப்பாளையத்தை நோக்கியே நடக்கவிட்டார். இடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மடி கனத்த ஆடு குட்டியிடம் போயாக வேண்டும். பால் கட்டினால் மடிவீக்கம் வரும்.

இதற்குள் அந்த வயலில் குட்டிகளோடு உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்து, அந்த வழியாக வந்த ஒரு பெரியவர் விசாரித்திருக்கிறார். அவருக்கு இரண்டு காணி நிலம். விஷயம் கேட்டதும் கைப்பேசியை வாங்கிக் கீதாரியிடம் அவரே பேசினார்.

“எங்க நெலத்துல போடுய்யா. கிடை போட்டு பத்து வருஷம் ஆவுது. ஆனா என்கிட்ட ஒரு ராத்திரிக்குத்தான் காசு இருக்கு.”

“ஐயா, ரெண்டு ராத்திரி கெடக்கட்டும். ஒரு ராத்திரிக்குக் குடுங்க போதும்” என்றார் கீதாரி.

பேச்சு அவ்வளவுதான். பெண்கள் குட்டிகளை இரண்டு இரண்டாகத் தூக்கிக்கொண்டு நான்கு வயல் தள்ளிப் போனார்கள். பெரியவரின் பேரப்பிள்ளைகளும் ஆளுக்கொரு குட்டியைத் தூக்கினார்கள்.

பெரியவரின் நிலம் சிதம்பரம்–புவனகிரி சாலைக்கு அந்தப்பக்கம். ஆறு மணிக்குச் சாலையில் பேருந்தும் இரு சக்கர வண்டியும் நெருக்கும். மந்தை சாலையோரம் வந்து நின்றது. ஒருவர் துண்டை ஆட்டிப் பார்த்தார், வண்டிகள் நிற்கவில்லை. அப்போது வந்த ஒரு பேருந்தின் நடத்துநர் விசில் அடித்து வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கிச் சாலை நடுவில் நின்று கையைக் காட்டினார். எதிர்ப்பக்கமும் நின்றது. அறுநூறு ஆடும் தாண்ட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. முன்னாடு இறங்கினால் மற்றவை நூல் பிடித்தாற்போல் போய்விடும். பாதியில் மறித்தால்தான் சிதறும். ஆரன் அடிப்பதைவிட நின்று விடுவது சீக்கிரம் வழி கிடைக்கச் செய்யும் என்பது வண்டி ஓட்டும் நம் பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டிய செய்தி.

குட்டிகளின் சத்தம் கேட்டதும் தாயாடுகள் ஓடத் தொடங்கிவிட்டன. காலையில் பார்த்த அதே இரைச்சல், அதே தேடல். அரை மணியில் அடங்கிற்று. பிறகு வலை கட்டினார்கள்.

எங்கே கட்டுவது என்று கீதாரி கேட்டபோது பெரியவர் தயங்காமல் வடகிழக்கு மூலையைக் காட்டினார். கோடையில் வெள்ளையாக உப்புப் பூக்கும் மூலை அது. எந்த நெல் போட்டாலும் அங்கே கட்டை பயிராகத்தான் நிற்கும். அந்தத் தேர்வு சரியானது. ஏன் என்பதைக் கொஞ்சம் கணக்கோடு பார்க்கலாம்.

தொழு உரத்தில் தழைச்சத்து சுமார் அரை சதவீதம். ஆட்டு எருவில் தழைச்சத்து 3, மணிச்சத்து 1, சாம்பல்சத்து 2 சதவீதம் என்பது பொதுவான கணக்கு. கோடை மேய்ச்சலில் சத்து குறையும் என்பதால் தழைச்சத்தை 2 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். ஓர் ஆடு ஓர் இரவில், காய்ந்த எடையில், 150 கிராம் புழுக்கை போட்டால் 600 ஆட்டுக்கு 90 கிலோ. அதில் தழைச்சத்து 1.8 கிலோ. ஓர் ஆட்டுக்கு ஒரு சதுர மீட்டர் இடம் என்றால் அறுநூறு ஆடு ஓர் இரவில் 15 சென்ட் இடத்தைப் பிடிக்கும். ஏக்கர் கணக்கில் இது 12 கிலோ தழைச்சத்து, அதாவது அரை மூட்டை யூரியாவுக்கு மேல். இது புழுக்கைக்கு மட்டும். மூத்திரத்தில் உள்ள தழைச்சத்தும் சாம்பல்சத்தும் தனி. கிடையின் தனிச் சிறப்பே அந்த மூத்திரம்தான். வண்டியில் எரு அடித்தால் மூத்திரம் வராது, கிடை போட்டால் மட்டுமே அது நேராக மண்ணில் இறங்கும்.

இதில் பலர் செய்யும் தவறு, கிடை எழுந்த பிறகு வாரக்கணக்கில் வயலை அப்படியே விடுவது. மூத்திரத்தில் உள்ள யூரியா வெயிலில் அம்மோனியாவாக மாறிக் காற்றில் போய்விடும். கிடை எழுந்த அன்றோ மறுநாளோ மேலோட்டமாக ஓர் உழவு ஓட்டி மண்ணோடு சேர்க்க வேண்டும். ஒரே இடத்தில் பல இரவு போடுவதைவிட, வலையைத் தினமும் நகர்த்திப் பரப்பைக் கூட்டுவது நல்லது. ஒரே இடத்தில் அளவுக்கு மீறினால் சம்பா தழைத்துச் சாயும், இலைச்சுருட்டுப் புழுவும் வரும். கிடை போட்ட இடத்தில் அடியுர யூரியாவைக் குறைத்து, பயிரின் நிறம் பார்த்து மேலுரம் கொடுத்தால் போதும்.

நம் வட்டாரத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. கிடை போடுவது சித்திரை, வைகாசியில். சம்பா நேரடி விதைப்பு ஆவணியை ஒட்டி. இடையில் மூன்று மாதம் மண் சும்மா கிடந்தால் சேர்ந்த சத்தில் ஒரு பங்கு வீணாகும். அதற்கு வழி, கோடை மழை கிடைத்ததும் அந்த இடத்தில் தக்கைப்பூண்டு விதைப்பது. ஏக்கருக்கு 20 கிலோ விதை. பூக்கும் பருவத்தில், சுமார் 45 நாளில், மடக்கி உழுதால் கிடையின் சத்தும் பசுந்தாளின் சத்தும் சேர்ந்து மண்ணில் தங்கும். உப்பு மண்ணையும் தக்கைப்பூண்டு தாங்கி வளரும். பெரியவரின் மூலைக்கு, இரண்டு இரவில் முப்பது சென்ட் என்றால், ஆறு கிலோ விதை போதும்.

‘கிடை போட்டால் கருவேல் முளைக்கிறதே’ என்று கேட்கும் விவசாயிகள் உண்டு. உண்மைதான். சீமைக்கருவேல் காயைத் தின்ற ஆட்டின் புழுக்கையில் விதை சாகாமல் வரும். கோடை உழவிலும் தக்கைப்பூண்டு மடக்கும்போதும் பெரும்பாலும் அழிந்துவிடும். மிஞ்சிய கன்றைச் சிறிதாக இருக்கும்போதே வேரோடு பிடுங்கிவிட வேண்டும். அதற்குப் பயந்து கிடையையே விடத் தேவையில்லை.

வலை கட்டி முடித்த பிறகு பெரியவர் வீட்டிலிருந்து ஒரு குடம் தண்ணீரும் குழம்பும் வந்தன. கீதாரியின் மனைவி அந்த வீட்டு மருமகளிடம் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் ஊரில் பாட்டியிடம் இருந்து படிக்கிறார்கள். தையில் விட்டு வந்தது, ஆடியில்தான் பார்க்க வேண்டும். “குட்டிய தாய்கிட்ட சேத்துட்டேன். எம்பிள்ளைய நான் பாக்கத்தான் இன்னும் ரெண்டு மாசம் கெடக்கு அக்கா” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

உலகத்தில் வேறு இடங்களிலும் மந்தைகள் இப்படி நடக்கின்றன. ஸ்பெயின் நாட்டில் மந்தைகள் போகும் பாதைகளுக்கு 1995-இல் தனிச் சட்டமே போட்டார்கள். அந்தப் பாதைகளை யாரும் அடைக்கக் கூடாது. தலைநகர் மாட்ரிடின் நடுத்தெருவில் ஆண்டுக்கு ஒருநாள் ஆடுகளை ஓட்டிப் போய் அந்த உரிமையைக் காட்டுகிறார்கள். 1418-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி, அன்றைக்கு ஆயிரம் ஆட்டுக்கு ஐம்பது பழைய நாணயம் வரியாகக் கட்டுகிறார்கள். ஐக்கிய நாடுகள் சபையும் 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சல்காரர்களுக்குமான சர்வதேச ஆண்டாக அறிவித்தது. கீரப்பாளையம் வட்டாரத்தில் மந்தையின் வழி இன்னும் ஊராரின் சம்மதத்தில்தான் இருக்கிறது. ஒரு தொட்டித் தண்ணீர், ஒரு நடத்துநரின் கை, ஒரு பெரியவரின் மூலை வயல். இவற்றில் ஒன்று அன்று தவறியிருந்தாலும் அந்த அறுநூறு ஆடும் அடுத்த ஆண்டு இந்தப் பக்கம் திரும்பாது. எரு வேண்டுமென்றால் நாம்தான் மூட்டை தூக்க வேண்டியிருக்கும்.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. கிடை வேண்டும் என்றால் பக்கத்து வயல்காரரிடம் முதலிலேயே பேசிவிட வேண்டும். நிற்கும் பயிர் எங்கே இருக்கிறது, மருந்து அடித்த வயல் எது என்று கீதாரிக்கு முன்னாலேயே காட்டிவிட்டால் பாதிச் சண்டை வராது. தண்ணீர் இருப்பவர் மின்சாரம் இருக்கும் நேரம் பார்த்து ஒரு தொட்டி நிரப்பிக் கொடுக்கலாம். மந்தையில் நோய் கண்டால் 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும். ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி போட்டாயிற்றா என்று வந்த முதல் நாளே கீதாரியைக் கேட்டுவிடுவது, நம் ஊர் ஆடுகளுக்கும் பாதுகாப்பு.

மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்குப் பெரியவர் டார்ச் விளக்கோடு வயலுக்கு வந்துவிட்டார். குடாப்பைத் திறக்கும் நேரம். குட்டிகள் ஓடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு, ஆடுகள் எழுந்த இடத்தில் வெறுங்காலோடு நடந்து பார்த்தார். மண் ஈரமாக, சூடாக இருந்தது. கீதாரியைக் கூப்பிட்டு, வலையை எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்று கையால் காட்டினார். பின்பு மடியிலிருந்து கைப்பேசியை எடுத்து டிராக்டர்காரரை எழுப்பினார்.